ராஜினாமா என்ற பெயரில்: ஐடி வேலையிழப்புக்கு அரசு என்ன செய்யலாம்?

என் நண்பன் ஒருவன் ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 17 ஆண்டு வேலை பார்த்தான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எச்ஆரிலிருந்து அழைப்பு வந்தது. சின்ன அறை, மேஜையில் ஒரு டிஷ்யூ பெட்டி, எதிரே இரண்டு பேர். இருபது நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அப்புறம் அவனுடைய லேப்டாப்பையே திறக்கச் சொல்லி, நிறுவனத்தின் போர்ட்டலில் ராஜினாமாவைப் பதியச் சொன்னார்கள். 'விலகும் காரணம்' என்ற கட்டத்தைத் தட்டினால் ஒரு பட்டியல் விரியும்: மேற்படிப்பு, உடல்நலம், வேறு வேலை, இடமாற்றம், தனிப்பட்ட காரணம். 'நீங்கள் போகச் சொன்னதால்' என்று ஒரு வரி அதில் கிடையாது. "தனிப்பட்ட காரணம்னு போட்டுடுங்க சார், அதுதான் உங்களுக்கும் சேஃப்" என்றாராம் எதிரே இருந்த பெண். போட்டான். மூன்று மாதச் சம்பளம், ரிலீவிங் லெட்டர், நல்லபடியாக எழுதிய அனுபவச் சான்றிதழ் எல்லாம் கைக்கு வந்தன. இரவு என்னிடம் போனில், "எழுத்துப்படி பார்த்தா நானேதான்டா வேலையை விட்டிருக்கேன்" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

ஐடி வேலையிழப்புக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்கிறார் ஒருவர். பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். புது நிறுவனங்களைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மூன்றாமவர். எந்த யோசனையானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: 'தனிப்பட்ட காரணம்' என்று எழுதிக் கொடுத்தவரை இது எட்டுமா?

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாக வெளிப்படையாகச் சொன்னது. பெரும்பாலும் நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருப்பவர்கள். இவ்வளவு பெரிய நிறுவனம் எண்ணிக்கையைத் தானே சொன்னது நம் ஊரில் அபூர்வம். ஐடி ஊழியர் சங்கங்கள் மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கு மனு அனுப்பின. கர்நாடகத் தொழிலாளர் துறை விளக்கம் கேட்டு அழைத்தது. மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நிலைமையைக் கவனித்து வருவதாகச் செய்தி வந்தது. கவனித்துக்கொண்டிருப்பதும் ஒரு வழிதான் என்றால் அதையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். செலவு இல்லை, பலனும் இல்லை.

மற்றபடி அரசின் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம், ஆனால் கஜானாவும் அதிகாரிகளின் நேரமும் அளவோடுதான் இருக்கின்றன. எதை முதலில் செய்வது என்பதே கேள்வி.

தடுத்து நிறுத்துவது

'அரசு அனுமதி இல்லாமல் யாரையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது' என்பது கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒரு ஏற்பாடு 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்ததும் உண்மை. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் ஆட்குறைப்புக்கு முன் அரசின் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டும். சிறுசேரியில் 20,000 பேர் உட்கார்ந்து வேலை செய்யும் ஐடி வளாகம் இந்த மூன்றிலும் சேராது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த 100 என்ற வரம்பையும் 300 ஆக உயர்த்திவிட்டது.

ஆக, ஐடிக்குக் கிடைப்பது சட்டத்தின் இரண்டாவது அடுக்கு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அரசுக்கு ஒரு தகவல். இது கொஞ்ச நஞ்சமில்லை. நண்பனின் சம்பளத்தை மாதம் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் 17 ஆண்டுக்கு எட்டரை மாதச் சம்பளம், அதாவது 12,75,000 ரூபாய். அவனுக்குக் கிடைத்தது நாலரை லட்சம்.

பின்னே ஏன் வாங்கவில்லை? சட்டம் இந்த உரிமையைத் 'தொழிலாளி'க்குத்தான் கொடுக்கிறது. ஐடிக்காரர் தொழிலாளியா என்று இங்கே நெடுங்காலம் வாதம் நடந்தது. சம்பளம் அதிகம் என்பதால் சட்டம் பொருந்தாது என்று பலரும் இன்றைக்கும் நம்புகிறார்கள். அது தவறு. செய்யும் வேலை என்ன என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. கோடு எழுதுபவரும் டெஸ்டிங் செய்பவரும் தொழில்நுட்ப வேலை செய்கிறவர்கள். அவர்கள் இரண்டு லட்சம் வாங்கினாலும் தொழிலாளிதான். பத்துப் பேரை மேய்த்து, லீவ் கொடுத்து, அப்ரைசல் போடுகிறவர் மேலாளர். அவர் வெளியே. 2025-இல் கத்தி விழுந்தது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர் மேல் என்பதைக் கவனியுங்கள். பதவி உயர்வு வாங்கி வாங்கி மனிதர் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து ஏறிப் போய்விடுகிறார்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. 2015 தொடக்கத்தில் சென்னையில் வேலை நீக்கப்பட்ட ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். அடுத்த ஆண்டு, ஐடி ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம், தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. கர்நாடகத்தில், வேலை நிபந்தனைகளை எழுதி வைக்கச் சொல்லும் நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐடி நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்து, அதை 2024-இல் இன்னும் ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தார்கள். அந்த வகையில் நாம் பரவாயில்லை.

ஆனாலும் பட்டியலுக்கு வந்தால் எல்லாம் கவிழ்ந்துவிடுகிறது. ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. வற்புறுத்தி வாங்கினார்கள் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சு, பிறகு தீர்ப்பாயம், அங்கே 'இவர் தொழிலாளியே இல்லை' என்ற முதல் ஆட்சேபணை, அதற்கே இரண்டு மூன்று வாய்தா. நடுவே அடுத்த நிறுவனத்தின் பின்புலச் சோதனை. வழக்குப் போட்டவர் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம். புதிய சட்டத் தொகுப்பு, தகராறை எழுப்பும் காலக்கெடுவை 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைத்தும் இருக்கிறது. இவ்வளவையும் எடைபோட்டுப் பார்க்கிறவர் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவதில் எந்த ஆச்சரியமும் இல்லை. நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

அப்படியானால் ஐடிக்கும் முன் அனுமதி வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினால்? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு புராஜெக்ட் முடிவதும் நீடிப்பதும் ஒஹையோவிலோ லண்டனிலோ இருக்கும் கிளையண்ட் கையில் இருக்கிறது. சென்னை அதிகாரி அனுமதி மறுத்தால் வேலை ஐதராபாத்துக்கோ மணிலாவுக்கோ போகும். ஆளை எடுக்கும்போதே குறித்த கால ஒப்பந்தத்தில் எடுப்பார்கள், அதைப் புதிய சட்டமே அனுமதிக்கிறது. கதவைப் பூட்டினால் உள்ளே இருப்பவர் பத்திரம்தான், வெளியே நிற்கும் புதுப் பட்டதாரிக்கு அதே பூட்டு.

முன்கூட்டியே சொல்ல வைப்பது

அமெரிக்காவில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் 'வார்ன்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 1988-இல் வந்த சட்டம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனம் பெருமளவில் ஆளைக் குறைத்தால் 60 நாள் முன்னதாக ஊழியருக்கும் மாநில அரசுக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் இது 90 நாள். 2025 மார்ச் முதல் அந்த மாநிலத்தின் படிவத்தில் ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்திருக்கிறது: இந்த வேலைகள் போவதற்குத் தானியங்கித் தொழில்நுட்பம் ஒரு காரணமா? அதற்கு ஒரு டிக். சிங்கப்பூரில் குறைந்தது 10 பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒரே ஒருவரை ஆட்குறைப்பு செய்தாலும், அவருக்குச் சொன்ன 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அமெரிக்கச் சட்டத்தில் பெரிய கருணை எதுவும் இல்லை. 60 நாள் முடிந்ததும் வேலை போகத்தான் போகிறது. எச்1பி விசாவில் இருப்பவருக்கு, வேலை நின்ற பிறகு அடுத்த 60 நாளுக்குள் வேறு நிறுவனம் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். ஆனால் எத்தனை பேர், எந்த ஊர், எந்தத் தேதி என்பது அரசின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. நம் ஊரில் சென்ற ஆண்டு ஓஎம்ஆரில் எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று கேட்டால் தொழிலாளர் துறையால் பதில் சொல்ல முடியாது. அவர்களுடைய ஏட்டில் யாருமே வேலை இழக்கவில்லை. எல்லாருக்கும் தனிப்பட்ட காரணம்.

இதைச் சரிசெய்ய புது அலுவலகம்கூட வேண்டாம். ஒவ்வொரு ஊழியரும் வெளியேறும்போது நிறுவனம் பிஎஃப் கணக்கில் விலகிய தேதியையும் காரணத்தையும் பதிகிறது. அங்கேயும் ஒரு பட்டியல் உண்டு: ஓய்வு, பணியில் இறப்பு, நிரந்தர ஊனம், அப்புறம் மற்ற எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்ளும் 'பணி முடிவு'. அமெரிக்காவுக்குப் போனவரும் அதில்தான், அறைக்குள் அழைத்துப் பேசப்பட்டவரும் அதில்தான். அதில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: 'நிறுவனம் கேட்டுக்கொண்டதால் விலகினார்'. நிறுவனம் அதை மறைத்தால், ஊழியர் தன் கணக்கில் நுழைந்து ஆட்சேபணை பதிய ஒரு வசதி. ஒரே மாதத்தில் ஒரே அலுவலகத்தில் 200 பேருக்குத் திடீரென்று தனிப்பட்ட காரணம் வந்தால் கணினியே கொடி காட்டிவிடும். இவ்வளவு மென்பொருள் எழுதுகிற ஊரில் இது ஒரு வார வேலை.

ஐந்தில் செலவு குறைந்தது இதுதான். இது இல்லாமல் மற்ற நான்கும் யாருக்கு, எவ்வளவு என்றே தெரியாமல் நடத்தப்படும். அதனால் இதை முதலில் வைக்கிறேன். பணம் மட்டும் இதில் வராது.

கையில் பணம் கொடுப்பது

வேலை போன மறுமாதம் ஐந்தாம் தேதி வீட்டுக் கடன் தவணை வங்கியிலிருந்து தானாகப் போகும். பள்ளிக்கூடம் டெர்ம் ஃபீஸ் கேட்கும். அதைவிடப் பெரிய அடி, நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு. அது வேலையோடு சேர்ந்தே போய்விடும். அப்பா, அம்மா பெயர் அதில்தான் இருந்திருக்கும். எழுபது வயது சர்க்கரை நோயாளிக்குப் புதிதாகப் பாலிசி எடுக்கப் போனவருக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

இந்தியாவில் வேலை இழந்தவருக்கு அரசு உதவி இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் அடல் பெயரிலான திட்டம் 2018 ஜூலை முதல் இருக்கிறது. சராசரி நாள் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒருமுறை. ஆனால் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்தான் இஎஸ்ஐக்குள் வருவார். சில பிபிஓ ஊழியர்களைத் தவிர ஐடியில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் குறைவு. விருப்ப ஓய்வில் போனவருக்கும் அது கிடையாது. இங்கேயும் அதே பட்டியல்தான்.

தமிழக அரசின் வேலையில்லா இளைஞர் உதவித்தொகை இன்னொன்று. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு 5 ஆண்டு காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பொறியியல் போன்ற தொழிற்படிப்பு படித்தவருக்கு அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது பிஎஃப். அது அரசின் உதவி ஆகாது, அவருடைய கிழவயதுப் பணம். 2025 அக்டோபரில் பிஎஃப் வாரியம் எடுத்த முடிவின்படி வேலை போனவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதிக்கு 12 மாதம் பொறுக்க வேண்டும். முன்பு இரண்டே மாதம்தான். இதற்கு ஒரே கூச்சல். எனக்கென்னவோ அந்த முடிவில் பாதி நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. 42 வயதில் பிஎஃப்பைத் துடைத்து இஎம்ஐ கட்டுகிறவர் 60 வயதில் என்ன செய்வார்? ஆனால் பூட்டு போடுகிற அரசு, பூட்டியதற்கு ஈடாக எதையும் கையில் கொடுக்கவில்லை.

சிங்கப்பூர் இதில் பார்க்கத் தகுந்தது. 'உதவித்தொகை கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள்' என்று பல்லாண்டு சொல்லிக்கொண்டிருந்த அரசு அது. 2025 ஏப்ரலில் அதுவே இறங்கி வந்தது. விருப்பமின்றி வேலை இழந்த, சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை தருகிறது. கொடுக்கும் விதம்தான் கெட்டிக்காரத்தனம். முதல் மாதம் 1,500, அடுத்து 1,250, அடுத்து 1,000, பிறகு மூன்று மாதம் 750. மாதாமாதம் வேலைக்கு விண்ணப்பித்தது, பயிற்சிக்குப் போனது, ஆலோசகரைப் பார்த்தது என்று புள்ளிகள் சேர்த்துக் காட்ட வேண்டும். கடைசிவரை போகாமல் சீக்கிரம் வேலை தேடிக்கொள்ளத் தூண்டும் ஏற்பாடு, அதே சமயம் முதல் மாதத்தின் பதற்றத்துக்குத்தான் அதிகப் பணம்.

டென்மார்க் இன்னும் தாராளம். அங்கே ஆளை எடுப்பதும் அனுப்புவதும் நிறுவனத்துக்குச் சுலபம், பதிலுக்கு வேலையின்மைக் காப்பு நிதியில் சேர்ந்தவருக்கு ஒரு உச்சவரம்புக்குள் இரண்டு ஆண்டு வரை தொகை கிடைக்கும். ஜெர்மனி வேறு வழி. ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைத்தால், குறைந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளை இருந்தால் 67 சதவீதத்தை, அரசு கொடுக்கிறது. மந்தம் தற்காலிகம் என்றால் அருமையான ஏற்பாடு. வேலையே திரும்பி வரப்போவதில்லை என்றால் பணத்தை ஐஸ் கட்டி மாதிரி கையில் பிடித்துக்கொண்டிருப்பதுதான்.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய எவ்வளவு ஆகும்? ஒரு மனக்கணக்கு போட்டேன். மாதம் 25,000 ரூபாய், ஆறு மாதம் என்றால் ஒருவருக்கு ஒன்றரை லட்சம். 10,000 பேருக்கு 150 கோடி. இதை அரசு முழுதாகச் சுமக்க வேண்டும் என்பதும் இல்லை. மாதச் சம்பளத்தில் அரை சதவீதத்தை ஊழியரும் அதே அளவை நிறுவனமும் ஒரு நிதியில் போடலாம். ஒன்றரை லட்சம் வாங்குபவருக்கு 750 ரூபாய், ஒரு டீம் லஞ்சில் ஆளுக்கு விழும் பில். சமூகக் காப்பீடும் வேலையின்மையும் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் 23-ஆவது இனமாக இருப்பதால் மாநிலமே முயன்று பார்க்கலாம்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்றும் தெரியும். 'ஒன்றரை லட்சம் வாங்கியவனுக்கு உதவித்தொகையா? கட்டிடத் தொழிலாளிக்குக் கொடு' என்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் இது வரிப்பணத்தில் தரும் உதவித்தொகையாக இல்லாமல், சந்தா கட்டியவர் வாங்கும் காப்பீடாக இருக்க வேண்டும். கேண்டீன், கேப், ஹவுஸ்கீப்பிங் ஆட்களையும் அதே நிதியில் சேர்க்க வேண்டும். ஒரு மாடி காலியானால் அந்த மாடிக்கு டீ கொண்டுவந்தவருக்கும் வேலை போகிறது. அவருக்கு மூன்று மாதச் சம்பளமெல்லாம் யாரும் கொடுப்பதில்லை.

பயிற்சி கொடுப்பது

அரசுகளுக்கு ரொம்பப் பிடித்த வழி இது. மேடையில் சான்றிதழ் கொடுக்கலாம், படம் எடுக்கலாம். மத்திய அரசும் ஐடி நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமும் சேர்ந்து நடத்தும் ஃபியூச்சர்ஸ்கில்ஸ் பிரைம் என்ற பயிற்சித் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்கு நல்ல காரியம் செய்திருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது 20 வயதுக்காரரை மனதில் வைத்துச் செய்த சட்டை. புராஜெக்ட்களை முடித்துக் கொடுக்கும் 43 வயது டெலிவரி மேனேஜருக்குத் தோள் பிடிக்கும்.

புதிய சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று வந்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நிறுவனம் 15 நாள் சம்பளத்தை அதில் செலுத்த வேண்டும், 45 நாளுக்குள் அது அவர் கணக்குக்கு வரும். யோசனை நல்லது. ஆனால் 'ஆட்குறைப்பு', 'தொழிலாளி' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வருகின்றன பாருங்கள். என் நண்பன் இரண்டு வாசலிலும் நிறுத்தப்படுவான்.

பயிற்சி எப்போது பலிக்கிறது, எப்போது பலிப்பதில்லை என்று தெரிந்துகொள்ள ஒரே நிறுவனத்தின் இரண்டு ஊர்களைப் பார்த்தால் போதும். நோக்கியா.

2011 பிப்ரவரியில் நோக்கியா தன் போன்களை விண்டோஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான பொறியாளர்களுக்கு வேலை இருக்காது என்பது அன்றே தெரிந்துவிட்டது. நிறுவனம் 'பிரிட்ஜ்', அதாவது பாலம், என்று ஒரு திட்டம் போட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும்போதே அடுத்த வேலை தேடலாம், புது விஷயம் படிக்கலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம். தொழில் தொடங்குகிறவருக்கு ஆளுக்கு 25,000 யூரோ, நான்கு பேர் சேர்ந்தால் ஒரு லட்சம். கிட்டத்தட்ட 18,000 பேரைத் தொட்ட அந்தத் திட்டத்துக்கு நிறுவனத்துக்கு ஆன செலவு சுமார் 5 கோடி யூரோ. ஏறக்குறைய 1,000 சிறு நிறுவனங்கள் பிறந்தன. இது நிறுவனத்தின் பெருந்தன்மை என்று மட்டும் படித்தால் பாதிக் கதைதான் தெரியும். கீழே வலை விரித்திருந்தது பின்லாந்து அரசு. சம்பளத்தோடு இணைந்த வேலையின்மைத் தொகை, தொழில் தொடங்குகிறவருக்கு மாத உதவி, ஐரோப்பிய ஒன்றிய நிதி. கயிற்றில் நடக்கத் தைரியம் வந்ததே வலை இருந்ததால்தான்.

அங்கேயும் எல்லா ஊரும் ஒரே மாதிரி எழவில்லை. வடக்கே ஊவுலுவில் பல்கலைக்கழகமும் ரேடியோத் தொழில்நுட்பம் தெரிந்த கூட்டமும் இருந்தன. அந்த ஆட்களுக்காகவே தைவானின் மீடியாடெக் அங்கே ஆய்வு மையம் திறந்தது. தொழிற்சாலையை நம்பியிருந்த சின்ன ஊரான சாலோவில் அடி பலமாக விழுந்து, ஆற நாளானது. திறமை வாங்க ஆள் இருக்கும் ஊரில்தான் பயிற்சிக்கு விலை.

இப்போது ஸ்ரீபெரும்புதூர். 2006-இல் தொடங்கிய ஆலை. உச்சத்தில் நேரடியாக 8,000 பேர் வேலை பார்த்தார்கள். நிறையப் பேர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிய இளம்பெண்கள். விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்காக யூனிஃபார்மில் நின்ற அந்த வரிசைகளைப் பெங்களூரு நெடுஞ்சாலையில் போன யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 2,000 கோடிக்கு மேல் வரி கேட்ட வழக்குகளில் ஆலை மாட்டிக்கொண்டது. அதனால் நோக்கியாவின் போன் வணிகம் மைக்ரோசாப்டுக்குப் போனபோது இந்த ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாப்ட் ஆர்டரை நிறுத்தியதும் 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே பல ஆயிரம் பேர் விருப்ப ஓய்வுத் தொகை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். 'விருப்ப' என்ற சொல்லைக் கவனியுங்கள். இஎஸ்ஐயில் அப்போதிருந்த ராஜீவ் காந்தி பெயரிலான வேலையிழப்பு உதவியும் அந்த ஒரு சொல்லால் எட்டாமல் போனது. பாலமும் இல்லை, கீழே வலையும் இல்லை. 2019-இல் செல்போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அந்த ஆலையை வாங்க முன்வந்து மறுபடி விளக்கு எரிந்தது. அது வெற்றிதான். ஆனால் ஐந்து ஆண்டு என்பது அந்தப் பெண்களில் பலர் கல்யாணமாகி, ஊர் திரும்பி, வேறு வாழ்க்கைக்குள் போய்விடும் காலம்.

அதனால் பயிற்சியைப் பற்றி என் கணிப்பு இது. வேலை இருக்கும்போதே, சம்பளத்தோடு கிடைத்தால் பலிக்கும். வேலை போன பிறகு, கையில் காசில்லாமல் கிடைத்தால் அது பொழுதுபோக்கு. பதினெட்டு வாரப் படிப்பைக் கவலையில்லாமல் முடிக்க யாராவது பதினெட்டு வாரத்துக்கு அரிசி வாங்கித் தர வேண்டும்.

புது வேலைகளை அழைத்து வருவது

இதில் தமிழ்நாட்டுக்கு நிஜமாகவே கைவந்த திறமை உண்டு. பன்னாட்டு நிறுவனங்களின் உலகளாவிய திறன் மையங்கள், ஜிசிசி என்று எல்லாரும் சொல்வது, சென்னைக்கும் கோவைக்கும் வந்துகொண்டிருக்கின்றன. 2024-25 நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு ஒரு சலுகை அறிவித்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தரும் வேலைகளை உருவாக்கினால் முதல் ஆண்டு சம்பளத்தில் 30 சதவீதம், இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 அரசு தரும். சரியாக ஒரு லட்சம் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். மூன்று ஆண்டில் ஒரு வேலைக்கு 7,20,000 ரூபாய். நான் மேலே சொன்ன ஆறு மாத உதவி ஒன்றரை லட்சம்.

மத்திய அரசும் இதே திசையில்தான் போகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய விக்சித் பாரத் ரோஜ்கர் யோஜனாவுக்கு 99,446 கோடி ரூபாய். முதன்முதலாக வேலைக்குச் சேர்கிறவருக்கு இரண்டு தவணையில் 15,000 ரூபாய் வரை, ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு மாதம் 3,000 வரை. புதுப் பையனுக்குப் பரிசு உண்டு. 17 ஆண்டு வரி கட்டியவர் 'முதன்முதலாக' என்ற சொல்லுக்குள் வரமாட்டார்.

இந்தச் செலவுகள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசியில் ஒரு மனிதருக்கு வேண்டியது வேலைதான், உதவித்தொகை ஒரு நடைபாதை. என் குறை வேறு. வேலையை உருவாக்கும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் சலுகையோடு இரண்டு நிபந்தனை சேர்க்க இவ்வளவு நாள் யாருக்கும் தோன்றவில்லையா? ஒன்று, மாநிலத்தில் வேலை இழந்த 40 வயதுக்கு மேற்பட்டவரை எடுத்தால் அந்த 30 சதவீதம் இரண்டாம் ஆண்டும் குறையாமல் தொடரும். இரண்டு, சலுகை வாங்குகிற காலத்தில் ஆளை அனுப்பினால் எத்தனை பேர் என்று அரசுக்குச் சொல்ல வேண்டும், கட்டாய ராஜினாமாவும் அதில் சேரும். பணம் கொடுக்கிறவர் கேட்டால் நிறுவனம் சொல்லும். சட்டத்தில் சண்டை போட்டு வாங்க முடியாததைச் சலுகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவே வாங்கிவிடலாம்.

ஆகவே, நான் முடிவெடுக்கும் நாற்காலியில் இருந்தால் என் வரிசை இப்படிப் போகும். முதலில் எண்ணிக்கை: பிஎஃப் ஏட்டில் அந்த ஒரு வரியும், சலுகை வாங்கும் நிறுவனங்களுக்கு அறிவிப்புக் கட்டாயமும். கையோடு ஆறு மாதக் காப்பீட்டு நிதி, முதல் மாதம் அதிகம், போகப் போகக் குறைவு, சிங்கப்பூர் மாதிரி. அதற்குப் பிறகு இருக்கிற ஜிசிசி சலுகையை நாற்பது வயதுக்காரர் பக்கம் கொஞ்சம் திருப்பிவிடுவது. பயிற்சி, பணம் வாங்குகிறவருக்கு மட்டும், பணத்தோடு சேர்த்து. முன் அனுமதிச் சட்டத்தைக் கடைசியாகக்கூட வைக்க மாட்டேன். ஆனால் 15 நாள் சம்பளக் கணக்கை மேலாளர்களுக்கும் நீட்டிக்கும் திருத்தம் வேண்டும், அது மத்திய அரசின் கையில் இருக்கிறது.

நண்பனுக்கு ஏழு மாதம் கழித்து ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது, சம்பளம் முன்பு வாங்கியதில் முக்கால் பங்கு. நேர்காணலில் அனுபவச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "பர்சனல் ரீசன்னு போட்டிருக்கே, என்ன ரீசன்?" என்று கேட்டார்களாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் சார், கூடவே இருந்து பார்த்துக்க வேண்டியதாப் போச்சு" என்று சொல்லியிருக்கிறான். அவன் அப்பா கூடுவாஞ்சேரியில் தினமும் காலையில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார். போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் ஏன் பழைய கம்பெனியை விட்டான் என்று என்னிடம் கேட்டார்.